உரத்த குரலுக்குள் என்ன இருக்கிறது?

வேளச்சேரி சாலையில் தாம்பரம் நோக்கி வருகிறவர்கள் சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பைக் கடந்துதான் வர வேண்டும். பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படைத் தளம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி 1954-ல் அம்பாலாவிலிருந்து இங்கே வந்தது. விமான மெக்கானிக்குகளுக்கான பயிற்சி நிலையமும் இங்கே உண்டு. சீருடையைக் கழற்றிய பிறகு சொந்த ஊருக்குத் திரும்பாமல் சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று சுற்றுவட்டாரத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் பலர்.

இப்படி ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக 2003 ஏப்ரல் 1 அன்று ஈசிஎச்எஸ் என்ற மருத்துவத் திட்டம் தொடங்கியது. ஓய்வுபெறும்போது ஒருமுறை பணம் கட்டினால், அதன் பிறகு தனக்கும் மனைவிக்கும் தன்னைச் சார்ந்தவர்களுக்கும் சிகிச்சை. நாடு முழுக்க நானூற்றுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள். அவற்றில் ஒன்று தாம்பரத்தில். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் பாலிகிளினிக்கிலிருந்து ரெஃபரல் வாங்கிக்கொண்டு, திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். இத்தனைக்கும் முதல் படி ஒன்றுதான்: கார்டை நீட்டி, பெயரைப் பதிந்து, டோக்கன் வாங்கும் கவுன்டர்.

எந்த பாலிகிளினிக்காக இருந்தாலும் கோபம் முதலில் வந்து விழுகிற இடமும் அதுவே. மாத்திரை ஸ்டாக் இல்லை, சர்வர் வேலை செய்யவில்லை, இன்றைக்கு அந்த ஸ்பெஷலிஸ்ட் வரவில்லை, மகளின் கார்டு காலாவதியாகிவிட்டது. இவற்றில் எதையும் கவுன்டரில் இருப்பவர் செய்யவில்லை. ஆனாலும் குரல் அவர்மீதுதான் உயர்கிறது. அந்தக் குரலைக் குணக்கேடாக மட்டும் பார்ப்பது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். காய்ச்சலைப் போலவே கோபமும் உடலிலிருந்து வெளியே தெரியும் ஓர் அறிகுறி. அதற்குள் காது இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, நூறு ஆண்டுக்கு மேல் பழைய ஒரு கணக்கும் இருக்கிறது.

காதிலிருந்து தொடங்கலாம். படையில் இருந்தவர்களைப் பொறுத்தவரை அதுதான் பலரும் கவனிக்காத காரணம்.

உட்காதில் சுருண்டிருக்கும் நத்தை எலும்புக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுவது அவற்றின் வேலை. மனிதருக்கு இவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. உயர்ந்த சுருதி ஒலிகளைப் பிடிக்கும் செல்கள் நத்தையின் நுழைவாயில் பக்கம் இருக்கின்றன. வீட்டு வாசற்படி முதலில் தேய்வதுபோல வயதாகும்போது முதலில் போவது அவைதான். ஜெட் இன்ஜின் பக்கத்திலோ பீரங்கிப் படையிலோ துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலோ வருடக்கணக்காக நின்றவர்களுக்கு இன்னொரு பள்ளமும் விழுகிறது. அவர்களுடைய செவித்திறன் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு சட்டென்று கீழே இறங்கி மறுபடி ஏறும். காது மருத்துவர் அதைப் பார்த்த உடனேயே, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுவிடுவார்.

இந்தப் பள்ளத்தால் ஒருவர் முழுக்கச் செவிடாகிவிடுவதில்லை, விபரீதம் அங்கேதான். பேச்சில் உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அவை நன்றாகவே கேட்கும். ஸ், ஃப் போன்ற உரசொலிகளும், க், ட், த் போன்றவற்றின் கூர்மையும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. அவை உதிர்ந்துவிடும். ஆகவே பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் புரியவில்லை. கவுன்டரில் "ஃபிஃப்டீன்" என்று கூப்பிட்டார்களா, "ஃபிஃப்டி" என்று கூப்பிட்டார்களா? மேலே மின்விசிறி, நடுவில் கண்ணாடித் தடுப்பு, அந்தப் பக்கம் முகக்கவசம், பின்னால் நாற்பது பேரின் பேச்சு. கண்ணாடியும் முகக்கவசமும் குறிப்பாக அந்த உயர் அதிர்வெண்களைத்தான் அதிகம் மட்டுப்படுத்துகின்றன. அவருக்குக் காதில் மிச்சமிருந்த கொஞ்சத்தையும் வழியிலேயே பறித்துவிடுகின்றன.

அடுத்து நடப்பது இன்னும் விந்தையானது. சுற்றிலும் சத்தம் இருக்கும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911-ல் விவரித்த அனிச்சைச் செயல் இது. தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காதவருக்குக் குரல் இன்னும் மேலே போகும். கவுன்டரில் இருப்பவர் அதைச் சண்டைக்கான தொடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார். அவரும் குரலை உயர்த்துகிறார். அப்போது எதிரிலிருப்பவர் கையை ஓங்காத குறையாகக் கேட்கிறார்: "ஏம்ப்பா கத்துறே? நான் என்ன செவிடனா?"

ஒரு நிமிடத்துக்கு முன் கேட்கவில்லை என்றவரே இப்போது கத்தாதே என்கிறார். இதில் பொய் எதுவும் இல்லை. மயிர்ச்செல்கள் பழுதுபட்ட காதில் கேட்கத் தொடங்கும் எல்லை உயர்ந்துவிடுகிறது. ஆனால் சத்தம் தாங்க முடியாமல் போகும் எல்லை ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவிலிருந்த அகலமான வெளி குறுகிப்போகிறது. அதனால் மெல்லப் பேசினால் ஒன்றுமில்லை, கொஞ்சம் உயர்த்தினால் காதுக்குள் இடி. அவருக்கு நிஜமாகவே அது கத்தலாகத்தான் கேட்கிறது. அப்படிப்பட்டவரிடம் குரலை உயர்த்துவதைவிட முகக்கவசத்தை ஒரு கணம் இறக்கி, அவர் உதட்டைப் பார்க்கும்படி நேராகத் திரும்பி, நிதானமாக, கொஞ்சம் கனமான குரலில் சொல்ல வேண்டும். எண்ணைத் தாளில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. டோக்கன் எண் ஒளிரும் பலகை ஒன்று இருந்தால் இந்தச் சண்டைகளில் ஒரு பகுதி பிறக்கவே பிறக்காது.

இரண்டாவது, ரத்தம். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறார் ஒருவர். சாப்பிடக்கூடாது என்பது ஞாபகம் இருந்தது. மாத்திரையையும் தள்ளிப்போட வேண்டும் என்பது தெரியவில்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினை வெளியே தள்ளும். பஸ் பிடித்து, வெயிலில் நடந்து, வரிசையில் ஒரு மணி நேரம் நின்றபின் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடல் அபாய மணி அடிக்கும். அந்த மணி அட்ரினலின். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், எரிச்சல் வரும். 54-க்குக் கீழே போனால் மூளையே தடுமாறும். உடல் எடையில் 2 விழுக்காடுதான் மூளை. ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காடு அதற்கே போகிறது. சர்க்கரைதான் அதன் முதன்மை எரிபொருள். பேச்சு குழறும், நியாயம் சொன்னால் ஏறாது, சம்பந்தமில்லாமல் கோபம் வரும்.

வயதானவர்களில் பலர் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறார்கள். மெட்டோபிரலால், அட்டினலால் வகை மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மறைப்பதில்லை. மின்விசிறிக்குக் கீழே நின்றபடி நெற்றி வியர்க்கக் கோபப்படும் பெரியவரைப் பார்த்தால், கவுன்டரில் இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சார், சாப்ட்டீங்களா? சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்பதுதான். நர்ஸ் விரலில் குத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கவைத்தால், கால் மணி நேரத்தில் அந்த மனிதர் வேறு மனிதராகிவிடுவார். என்றும் அமைதியாக இருக்கிற ஒருவர் திடீரென்று முறைத்துக் குழம்பிப் பேசினால், சிறுநீர்த் தொற்றோ ரத்தத்தில் சோடியம் குறைந்ததோகூடக் காரணமாக இருக்கலாம். உடன் வந்த மனைவி, "இவர் இப்படிப் பேசுறவரே இல்லம்மா" என்று சொன்னால் அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல் அது.

நடந்து வந்த களைப்பும் கணக்கில் உண்டு. 1970-களில் டோல்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் சிலரை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கவைத்து, கொஞ்ச நேரம் கழித்துச் சீண்டிப் பார்த்தார். மூச்சிரைப்பு அடங்கியதாக அவர்களே நினைத்த பிறகும் உடலில் மிச்சம் இருந்தது. அந்த மிச்சம் அப்படியே கோபத்தின் கணக்கில் சேர்ந்துகொண்டது. சித்திரை வெயிலில் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தவருக்கு முதலில் ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்துக் கெட்ட செய்தியைச் சொன்னால், அதே செய்தி வேறு மாதிரி இறங்கும்.

இனி அந்தப் பழைய கணக்கு. 1909-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் கணித அறிஞர் ஏ.கே. எர்லாங், அழைப்புகள் ஏன் தேங்குகின்றன என்று ஆராய்ந்து எழுதினார். வரிசைகளின் கணிதம் அங்கே பிறந்தது. அதன் மிக எளிய விதி இது. ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் கூடக்குறைய இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வேலையில் இருக்கும் நேரத்தின் பங்கை, அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தின் பங்கால் வகுத்து, ஒரு நோயாளிக்கு ஆகும் சராசரி நேரத்தால் பெருக்கினால், சராசரிக் காத்திருப்பு வந்துவிடும்.

ஒருவருக்கு 10 நிமிடம் என்று கொள்வோம். மருத்துவர் பாதி நேரம் வேலையில், பாதி நேரம் ஓய்வில் என்றால் காத்திருப்பு 10 நிமிடம். 80 விழுக்காடு நேரம் வேலை என்றால் 40 நிமிடம். 90 என்றால் 90 நிமிடம். 95 என்றால் 190 நிமிடம். மருத்துவர் கூடுதலாக உழைத்தது 5 விழுக்காடுதான்; காத்திருப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. யாரும் சோம்பேறியாக இல்லை, யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. மருத்துவர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று திட்டமிடும் எந்த நிர்வாகமும் இந்தச் சுவரில் போய் முட்டும். வெளியே நிற்பவருக்கு இது தெரியாது. அவர் பார்ப்பது நகராத வரிசையையும், கவுன்டரில் ஒரு முகத்தையும்தான்.

கதவு திறக்கும்போதே முப்பது பேர் கூடிவிட்டால் விதியே வேண்டாம், வெறும் பெருக்கல் போதும்: ஒரே மருத்துவர் என்றால் முப்பதாவது ஆளுக்கு 290 நிமிடம். மாதாந்திர மாத்திரைக்கு மட்டும் வந்தவர்களையும் புதிதாக நோயைச் சொல்ல வந்தவர்களையும் இரண்டு வரிசையாகப் பிரிப்பதும், வரும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும் இந்தக் கணக்கை நேரடியாக மாற்றும். பணியாளர்களை அதிகப்படுத்தாமல் செய்யக்கூடிய வேலை அது.

கடிகாரம் காட்டும் நேரம் ஒன்று, மனம் உணரும் நேரம் வேறு. டேவிட் மைஸ்டர் 1985-ல் காத்திருப்பின் உளவியல் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையில் எல்லோரும் திரும்பிப் போகும் இடம். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளமாகத் தெரியும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு இன்னும் நீளும். அநியாயமாகத் தோன்றும் காத்திருப்பும் அப்படியே. மனம் உணரும் காத்திருப்பைச் சுருக்க முடியும் என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நடைமுறையில் செய்து காட்டியது. அந்த மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி, கடும் முடக்குவாதத்தால் 1948-ல் வெளியேறியவர் என்பது இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. அங்கே நோயாளி மருத்துவர் அறைக்கு வெளியே மணிக்கணக்கில் வெறுமனே உட்கார்வதில்லை. பார்வைச் சோதனை, கண் அழுத்தம், சொட்டு மருந்து என்று, பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் அவரைப் படிப்படியாக நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். சிகிச்சை தொடங்கிவிட்டது என்ற நிம்மதி முதல் படியிலேயே கிடைத்துவிடுகிறது.

அநியாயம் என்ற உணர்வு பெரும்பாலும் எழுவது, பின்னால் வந்தவர் முன்னால் உள்ளே போகும்போது. இங்கே படைக்கும் மருத்துவத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. யார் பெரிய பதவி என்று பார்க்காமல் யாருக்குக் காயம் கடுமை என்று பார்த்து முதலில் சிகிச்சை தர வேண்டும் என்ற முறையை, நெப்போலியனின் படையிலிருந்த அறுவை மருத்துவர் டொமினிக் லாரே போர்க்களத்தில் வகுத்தார். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பது அதன் வழித்தோன்றல். இது முன்னாள் படைவீரருக்கு மிக எளிதாகப் புரியும் நியாயம். "சார், அவருக்கு நெஞ்சு வலி, அதான் முதல்ல அனுப்பினோம். அடுத்து நீங்கதான்" என்று சொல்லிவிட்டால், தாமாகவே வழிவிட்டு நிற்பவர்கள் அவர்கள். சொல்லாமல் விட்டால்தான் அது குறுக்கு வழியாகத் தெரியும்.

மாத்திரை இல்லை, ரெஃபரல் இன்று கிடைக்காது என்று மறுக்க வேண்டிய நேரம்தான் மிகக் கடினம். இருபது வருடம் எல்லையில் நின்றவருக்கு, ஓய்வுபெறும்போது பணமும் கட்டியவருக்கு, அந்த மறுப்பு நாடு கொடுத்த வாக்கை மீறியதுபோல் படுகிறது. அந்த வேதனை உண்மையானது. அதைக் கவுன்டரில் விவாதித்துத் தீர்க்க முடியாது. ஆனால் 1990-ல் ஆலன் லிண்டும் சக ஆய்வாளர்களும் செய்த ஒரு பரிசோதனை என்னை இன்றும் வியக்கவைக்கிறது. முடிவு எடுக்கும் முன் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தவர்கள், நடந்தது நியாயம் என்று அதிகம் உணர்ந்தார்கள். அது எதிர்பார்க்கக் கூடியதே. முடிவு எடுத்து முடித்த பிறகு, இனி ஒன்றும் மாறாது என்று தெரிந்தே கருத்துச் சொன்னவர்களும், வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட நியாயம் நடந்ததாக உணர்ந்தார்கள். காது கொடுத்துக் கேட்பதற்கு, பலனைத் தாண்டிய ஒரு மதிப்பு இருக்கிறது. "என்னால மாத்த முடியாது சார், ஆனா சொல்லுங்க, எழுதி ஓஐசி சார் மேஜைக்கு அனுப்புறேன்" என்று பொறுப்பு அதிகாரியைச் சொல்லிக் கேட்கும் இரண்டு நிமிடம் வீண்போவதில்லை.

அப்படியானால் கத்தித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? கொட்டித் தீர்த்தால் கோபம் குறையும் என்று நம்புகிறவர்கள் அதிகம். பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையைக் குத்தியவர்களின் கோபம் குறையவில்லை, கூடியது. சும்மா இருந்தவர்களே அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். வேறொன்று உதவுகிறது. 2007-ல் மேத்யூ லீபர்மன் குழு, உணர்ச்சி பொங்கும் முகப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தது. பார்த்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் சூட்டச் சொன்னதும், அபாயத்தை உணரும் அமிக்டலாவின் துடிப்பு தணிந்தது. முன்மூளையின் ஒரு பகுதி விழித்தது. "காலைலேர்ந்து உக்காந்திருக்கீங்க, முட்டி வலி வேற, கோபம் வராம எப்படி இருக்கும்" என்று கவுன்டரில் ஒருவர் சொல்லும்போது, அவர் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை, வாக்கும் கொடுக்கவில்லை. எதிரில் இருப்பவரின் கோபத்துக்கு ஒரு பெயர் மட்டும் கொடுக்கிறார். "அமைதியா இருங்க" என்பது இந்த வேலையைச் செய்வதில்லை. அதைக் கேட்டு அமைதியானவரை நான் பார்த்ததில்லை.

எல்லாக் கோபமும் இப்படித் தணியும் என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவரை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கும் உயிர் ஒன்றுதான். அமெரிக்க அவசர மனநல மருத்துவர்கள் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு கை நீளத் தூரம் விட்டு நிற்கச் சொல்கிறது. ஒரே ஒருவர் மட்டும் பேச வேண்டும், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும், எது கூடாது என்பதை மரியாதையோடு தெளிவாகச் சொல்ல வேண்டும், இரண்டு வழி காட்டித் தேர்ந்தெடுக்கவிட வேண்டும் என்கிறது. அதன் கடைசிக் கூறு, எல்லாம் முடிந்தபின் பணியாளரோடும் உட்கார்ந்து பேசுவது. நம் ஊரில் முதலில் விட்டுப்போவது இந்தக் கடைசிக் கூறுதான்.

ஏனென்றால் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் ஓர் உடல் இருக்கிறது. 1911-ல் வால்டர் கேனன், குரைக்கும் நாயின் முன் வைக்கப்பட்ட பூனையின் ரத்தத்தில் அட்ரினலின் ஊறுவதைக் காட்டினார். திட்டு வாங்கும் ரிசப்ஷனிஸ்டின் ரத்தத்திலும் அதுவே ஊறுகிறது. ஆனால் பூனையைப் போல் அவர் ஓடவும் முடியாது, பாயவும் முடியாது. ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும். கார்ட்டிசால் அப்படியில்லை, சண்டை தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். பிரச்சினை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில் அவருடைய உடலில் அது ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் முன்னால் வந்து நிற்பவர், கணவர் இறந்த பின் முதன்முறையாகத் தனியாகக் கார்டை எடுத்துக்கொண்டு, எந்தத் தாள் எங்கே கொடுப்பது என்று தெரியாமல் வந்த அம்மாவாக இருக்கலாம். முந்தைய சண்டையின் மிச்சம் அவர்மீது விழும்.

ஆகவே அரை மணி நேரத்துக்கு அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார வேண்டும். மருந்து கொடுக்கும் இடத்திலிருந்தோ ஆவணப் பிரிவிலிருந்தோ யார் எழுந்து வருவார் என்பது அன்றைய டியூட்டி பட்டியலிலேயே, காலையில் கதவைத் திறக்கும் முன்பே, பெயர் போட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும்.